கேமராவை யார் அணைக்கிறார்கள்?

ஜனவரி 3, வெள்ளி

ஆய்வு செய்கிற எல்லாரும் நாட்குறிப்பு எழுதியே ஆக வேண்டும் என்று எங்கள் பேராசிரியை ஹெலன் மேடம் உத்தரவு போட்டுவிட்டார். பார்த்ததை அன்றன்றே எழுதாவிட்டால் மறுநாள் நம் வசதிக்கு மாற்றிக்கொள்வோமாம். ஆய்வுப் பொருளே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் நாட்குறிப்பு. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

முப்பத்து மூன்று வயதில் எம்.ஏ. சமூகவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் மொத்தம் பதினொரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் நான் மங்கை அக்கா. ஒருத்தி மட்டும் ஒருநாள் வாய் தவறி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'தொழில்நுட்பமும் சமூகமும்' என்ற பொதுத் தலைப்புக்குள் ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, பிப்ரவரி மூன்றாம் தேதிக்குள் தலைப்பும் பத்துப் பேரின் பேட்டியும் கொடுக்க வேண்டும். தொழில்நுட்பம் என்று எனக்குத் தெரிந்தது மிக்ஸியும் செல்போனும்தான்.

வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. என் வீட்டுக்காரருக்குக் குவைத்தில் ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை, வெள்ளிதான் விடுமுறை. அங்கே ஒன்றரை மணி ஆகும்போது இங்கே நான்கு. மகள் நிறைமதிக்குப் பள்ளிக்கூட டப்பாவில் அன்றைக்குப் பாதிச் சோறுதான் வைப்பேன். வந்ததும் கை கழுவிவிட்டு உட்காருவாள். நான் போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைப்பேன். அவர் அங்கே தண்ணீர் கேனில் சாய்த்து வைப்பார். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். நான்கு வருடமாக இதுதான் வழக்கம்.

இன்று மூன்றாவது வெள்ளியாக அவர் பக்கம் கறுப்பாகவே இருந்தது. நெட்வொர்க் சரியில்லையாம். ஆனால் எங்கள் பக்கம் மட்டும் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. "ரசத்துல கொத்தமல்லி போடலயா?" என்று கேட்கிறார்.

நிறைமதி வழக்கம்போல் இடது கையை மடிக்குக் கீழே வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். போன் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இப்படி. ஏதோ பழக்கம்.

ஜனவரி 6, திங்கள்

'செயற்கை நுண்ணறிவும் வேலைவாய்ப்பும்' என்று அழகாக எழுதிக்கொண்டு போனேன். கூடப் படிக்கும் பிரவீணாதான் செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தாள். இருபத்திரண்டு வயது, கை வேகம் அப்படி. போய்ப் பார்த்தால் ஏழு பேர் அதே தலைப்போடு நிற்கிறோம்.

ஹெலன் மேடம் ஏழு தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். "ஏழு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே ஞானம் வந்துருச்சா?" என்றார். மேடம் டிராயரிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துத் தான் மட்டும் சாப்பிட்டார்.

பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்கு, அறந்தாங்கிக்கு வந்தேன். துணி ஊறவைத்தது மறந்துபோய் நாற்றம் அடித்துவிட்டது. மறுபடி அலசினேன்.

ஜனவரி 8, புதன்

அடுத்த தலைப்பு: 'இணையவழிக் கல்வியும் கிராமப்புற மாணவிகளும்.' இதை நானே யோசித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல உனக்கு என்ன தெரியணும்?"

"மாணவிகளுக்கு எவ்ளோ கஷ்டம்னு, மேடம்."

"கஷ்டம்னு உனக்கு முன்னாடியே தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு ஆய்வு? பதில் தெரியாம உனக்குச் சோறு எறங்கக் கூடாது, அப்படி ஒரு கேள்வியா எடுத்துட்டு வா."

அப்படி ஒரு கேள்வியும் என்னிடம் இல்லை. நிம்மதியாகத்தான் சாப்பிடுகிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

நான்காவது வெள்ளி. கறுப்பு. எங்கள் பக்கத்தை அணைக்காமல் வைத்திருந்தேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவருக்குப் பிடித்தது. கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் பேச்சு கொஞ்சம் குழைந்து வந்தது. "பல்வலியா?" என்று கேட்டதற்கு, "வாயில சோறு இருக்குடி" என்றார். நடுவில் தண்ணீர் சிந்திய சத்தம் கேட்டது. துண்டு எங்கே என்று யாரிடமோ கேட்டார். வெள்ளிக்கிழமை அறையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று எப்போதும் சொல்வார். யாரிடம் கேட்டார்?

எனக்குச் சந்தேகம் எல்லாம் கிடையாது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். மேடம்தான் பார்த்ததை எழுதச் சொன்னார்.

சமையலறை அலமாரியை முழுக்க இறக்கித் துடைத்து அடுக்கினேன். போன வாரமும் துடைத்திருந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கீழ்வீட்டு மல்லிகா அக்கா பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். போகிற வழியில், "உன் வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" என்றார். அடுத்த வருடம் என்றேன். "வீடியோல பேசுறாருல்ல?" என்றார். தினமும் என்றேன்.

தினமும்தானே பேசுகிறோம். பொய் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

மொட்டைமாடியில் பொங்கல் வைத்தோம். கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து அவருக்குப் பானையைக் காட்டினேன். பால் பொங்கியதும் நானும் நிறைமதியும் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினோம். இரண்டு நொடி தாமதமாகக் கறுப்புத் திரையிலிருந்து அவர் குரல் வந்தது, தனியாக.

"அப்பா, புதுச் சட்டை போட்டிருக்கியா? காட்டு" என்றாள் நிறைமதி.

"போட்டிருக்கேன் பாப்பா. நீலக் கலரு."

"காட்டேன்."

"இங்க சிக்னல் இல்லடா தங்கம்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியக் காட்டுறதுக்கு என்ன வலிக்குது உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மாடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சார்ஜ் போகப் போகுது, வச்சிர்றேன்" என்று அவர் அணைத்துவிட்டார்.

பொங்கல் நன்றாக வந்திருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

இன்று நானும் கேமராவை அணைத்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கறுப்புத் திரைக்கு நடுவில் சாப்பிட்டு முடித்தோம்.

ஜனவரி 20, திங்கள்

மேடத்திடம் தாளை நீட்டினேன். தலைப்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தேன்: வீடியோ காலில் கேமராவை யார் அணைக்கிறார்கள், ஏன்?

மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"இது பரவால்ல" என்றார். அவர் வாயில் இதுதான் பாராட்டு. "ஆனா ஒண்ணு மங்கையர்க்கரசி, உன் வீட்டுக் கதையக் கொண்டுவந்து என்கிட்ட நீட்டக் கூடாது. பத்துப் பேர்கிட்ட கேட்டுட்டு வா. எல்லார்கிட்டயும் ஒப்புதல் படிவம் வாசிச்சுக் காட்டணும். பேரு எங்கயும் வரக் கூடாது. சொன்னத வெளிய சொல்லக் கூடாது, உன் வீட்டுல கூட."

"என் வீட்டுக் கதையில ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார். இரண்டு வருடத்தில் இதுதான் முதல்.

ஜனவரி 23, வியாழன்

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு குறைந்தது இருபது இருக்கும். பேர் எழுதக்கூடாது என்பதால் எண்தான். நான்கு பேரைப் பார்த்துவிட்டேன்.

எண் 3 வீட்டில் நான் சிரித்தே விட்டேன். வீடு முழுக்கக் காரை பெயர்ந்து கிடக்கிறது. கூடத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ரோஸ் கலரில் பெயின்ட். அதன் முன்னால் ஒரு நாற்காலி. "இதாங்க எங்க போன் செவரு" என்றார். "மழையில ஒழுகி வீடே பாழாப் போச்சு. அந்த மனுசன் பாத்தா வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவாரு. இங்க உக்காந்து பேசுனா எல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சுக்குவாரு."

"எத்தனை நாளாக?"

"ரெண்டு மழை போயிருச்சு."

எண் 4 தன் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதை ஒரு மாதம் மகனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தபோது கேமராவைப் பிள்ளையார் படத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் பேசினாராம். "அம்மா, என்னம்மா எப்பப் பாத்தாலும் பூஜை ரூம்லயே இருக்க, என்ன பக்தி உனக்குன்னு கேட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தத் தெருவில் நான் பத்து வருடமாக இருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

ஜனவரி 25, சனி

நேற்று வெள்ளி. அவர் கறுப்பு, நாங்கள் வெளிச்சம். நிறைமதிதான் போனை வைத்தாள். அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்று எண் 7. ஐம்பது வயதிருக்கும், வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினார். அவர் வீட்டுக்காரர் ஐந்து வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதம் கேமரா போடவில்லையாம்.

"ஊரே சொல்லுச்சு, அங்க ஒருத்திய வச்சிருக்கான்னு. நானும் நெனச்சேன். நெனைக்காம இருப்பமா? வாய்க்கு வந்தபடி பேசுனேன். கடைசியில பாத்தா, ஸ்கூட்டரு மோதி முன்பல்லு மூணு போயிருச்சு. கட்டுறதுக்குள்ள நான் பாத்துறக் கூடாதாம். பல்லு போனா நான் என்ன, விட்டுட்டா போயிருவேன்?"

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"தப்புப் பண்றவனும் அணைப்பான். அழுதுக்கிட்டு இருக்கறவனும் அணைப்பான். இருட்டுல எல்லாம் ஒரே மாதிரிதான தெரியும்" என்றவர், கீரையை ஒதுக்கிவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, நீ எதயும் மறைச்சதில்லையா?"

பேட்டியில் ஆய்வாளரிடம் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை என்று சொன்னேன். "அது சரி" என்று சிரித்துக்கொண்டே ஒரு பிடி கீரையை என் பையில் போட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

எண் 7 கேட்ட கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

போன ஜூனில் நிறைமதி பள்ளிக்கூடச் சறுக்குமரத்திலிருந்து விழுந்து இடது முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்தது. மூன்று வாரம் மாவுக்கட்டு. அவரிடம் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் மொட்டைமாடியில் நின்று வேலை பார்க்கிற மனுசன், பதறிப்போய்க் கால் தவறினால்? கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி போனை வைத்தேன். "அப்பாவுக்குக் கையைக் காட்டாத விளையாட்டு" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். சமர்த்தாக விளையாடினாள். கட்டுப் பிரித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் விளையாடுகிறாள்.

பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாம் சரியான பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஏதோ பழக்கம் என்று இந்த டைரியில் முதல் நாளே எழுதியிருக்கிறேன். மேடம் சொன்னது சரி. அன்றன்றே எழுதினாலும் நம் வசதிக்குத்தான் எழுதுகிறோம்.

ஜனவரி 27, திங்கள்

"எட்டுப் பேரும் இந்தப் பக்கத்து ஆளுங்க" என்றார் மேடம், தாள்களைப் புரட்டிக்கொண்டே. "போனுக்கு ரெண்டு முனை இருக்கு. அந்தப் பக்கம் யார்கிட்டயும் கேட்கலயா?"

"கேட்கிறேன் மேடம்."

எண் 3-இன் கணவர், எண் 4-இன் மகன், எண் 8-இன் தம்பி. மூன்று பேரிடமும் போனில் பேசிவிட்டேன். பதினொன்று ஆகிவிட்டது. பத்து இருந்தாலே போதும்.

ஜனவரி 29, புதன்

எட்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். வழக்கம்போல் கறுப்பு. நிறைமதி அவரிடம் வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டு டிவி பார்க்கப் போனாள். நான் கேட்டேன்.

"என்னங்க, ப்ராஜெக்டுக்கு ஒரு ஆள் குறையுது. நீங்க பேட்டி குடுக்கிறீங்களா?"

ஆள் குறையவில்லை. அதுவும் ஒரு பொய்.

"எதப் பத்தி?"

"வீடியோ கால் பத்தி."

போய்விட்டாரோ என்று பார்த்தேன். பிறகு, "கேளு" என்றார்.

நான் நோட்டை எடுத்தேன். குரலை மாற்றிக்கொண்டு படிவத்தை வாசித்தேன். "உங்கள் எண் பன்னிரண்டு. உங்கள் பெயர் எங்கும் இடம்பெறாது. விருப்பமில்லாத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதை ஆய்வாளர் வேறு யாரிடமும் சொல்ல மாட்டார்."

"கடைசி வரிய இன்னொருக்கா படி."

படித்தேன்.

"என் வீட்டுக்காரிகிட்ட கூட?"

"யாரிடமும்" என்றேன்.

"சரிங்க மேடம். கேளுங்க."

வயது, வேலை, எத்தனை வருடம் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆறாவது கேள்வி வந்தது.

"பேசும்போது நீங்கள் கேமராவை அணைப்பது உண்டா? உண்டு என்றால், ஏன்?"

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுத்து எல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது. அந்தத் தாளிலிருந்து இங்கே எடுத்து எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். இந்த டைரியை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

"டிசம்பர் பதினெட்டாம் தேதி காலையில பல்லு வெளக்குறேன், கொப்புளிச்ச தண்ணி ஒரு பக்கமா தானா ஒழுகுது. கண்ணாடியில பாத்தா மூஞ்சி பாதி தொங்கிப்போய்க் கெடக்கு. இடது கண்ணு மூடல. முந்தின நாள் முழுக்க மாடியில குளிர்காத்துல நின்னேன், அதுனாலயான்னு தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மொகவாதமாம். நரம்புல வீக்கமாம். மாத்திர குடுத்தாங்க, கண்ணுக்குச் சொட்டு மருந்து குடுத்தாங்க. ரெண்டு மூணு மாசத்துல திரும்பிரும்னாங்க. இப்பக் கொஞ்சம் தேவல. ரூம்ல ஒரு மலையாளத்து அண்ணன் லீவு நாள்ல வெளியே போகாம எங்கூடவே இருந்து பாத்துக்கிறாரு."

துண்டு கேட்டது அவரிடம்தான்.

"இதை வீட்டில் சொல்லாததற்குக் காரணம்?"

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் மொதல்ல வாய் கோணுச்சு. மூணு மாசத்துல போய்ச் சேந்துட்டாரு. எங்கூட்டுக்காரிதான் பாத்தா, கஞ்சி ஊட்டுனா. இது அது இல்லன்னு டாக்டரு நூறு தடவ சொல்லிட்டாரு. ஆனா என் மூஞ்சியப் பாத்தா அவளுக்கு அதுதான ஞாபகம் வரும்? அவ படிக்கிறா, மேடம். பத்து வருசத்துக்கு முன்னாடி காலேஜ்ல சேந்து, கல்யாணம்னு நிறுத்திட்டாங்க. இப்ப மறுபடி சேந்து கடைசி வருசம் வந்துருச்சு. இன்னொரு தடவ என்னால நிக்கக் கூடாது. அப்புறம், பாப்பா பயந்துக்குவா."

நான் 'பாப்பா' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்... இருக்கிறேன்."

"ஒரு வெள்ளிக்கெழம அவளும் கேமராவ அணைச்சுட்டா. அன்னைக்குத்தான் தெரிஞ்சது, இருட்டப் பாத்துக்கிட்டு சோறு எறங்காதுன்னு. அவ அஞ்சு வாரமா அப்படித்தான தின்னுருக்கா."

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம். வரிசையில் இருந்தது, கேட்டுவிட்டேன். "மறுமுனையில் இருப்பவரும் உங்களிடம் எதையாவது மறைத்திருப்பதாக நினைக்கிறீர்களா?"

உடனே சொன்னார். "இல்லைங்க. அவ மறைக்க மாட்டா."

"நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று படிவத்தில் இருந்ததை வாசித்தேன். அவர் பேச வருவதற்குள் வைத்துவிட்டேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் அவரிடமிருந்து வழக்கமான செய்தி: சாப்பிட்டியா? நானும் வழக்கம்போல்: சாப்பிட்டேன்.

நேற்று நடந்ததைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் சொன்னது எண் பன்னிரண்டு, கேட்டது ஆய்வாளர். மனைவியிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. "ஏங்க இப்படிப் பண்ணீங்க" என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை, வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நூலகத்தில் முகவாதம் பற்றித் தேடிப் படித்தேன். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. நான்கு இடத்தில் படித்தேன். பிறகு ஐந்தாவதாக ஒன்று.

அவர் சொல்லும்வரை காத்திருக்கலாம். ஆனால் 'அவ மறைக்க மாட்டா' என்று நம்பிக்கொண்டு இருக்கிறவரை எப்படிக் காத்திருக்க வைப்பது?

ஜனவரி 31, வெள்ளி

நான்கு மணி. சோறு, சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல். போனை ஜாடியில் சாய்த்தேன். கறுப்பு.

"என்ன கீரையா?" என்றார்.

"முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். திட்டுறதா இருந்தாலும் முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க" என்றேன். நிறைமதியிடம், "பாப்பா, விளையாட்டு முடிஞ்சுருச்சு. அப்பாகிட்ட கையக் காட்டு" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நிஜமாகவா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையாட்டினேன். மடிக்குக் கீழே இருந்த இடது கையை மெதுவாக எடுத்து, போனுக்கு நேராக நீட்டினாள்.

எல்லாம் சொன்னேன். சறுக்குமரம், எலும்பு, மூன்று வாரம், கழுத்துக்கு மேல் மட்டும். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். கறுப்பில் என் முகம்தான் தெரிந்தது.

வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"வலிச்சுச்சா பாப்பா?"

"அப்ப வலிச்சுச்சுப்பா. இப்ப இந்தக் கையாலயே கம்பியில தொங்குவேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இவ்ளோ நாளு... ஒரு வார்த்த சொல்லலயேடி மங்கை."

"பயந்துருவீங்கன்னு நெனச்சேங்க."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஆளு உங்கிட்ட எதும் சொன்னானா?" என்றார்.

"சொல்லக் கூடாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

அவர் சிரித்தார். சிரிப்பும் அழுகையும் கலந்த ஒரு சத்தம். பிறகு ஏதோ தடவுகிற ஓசை, தண்ணீர் கேன் நகர்கிற ஓசை. திரையில் வெளிச்சம் வந்தது.

ஆறு வாரம் கழித்து என் வீட்டுக்காரரின் முகம். வலது பாதி எப்போதும் பார்க்கிற அவர். இடது பக்கம் தூங்குகிற மாதிரி இறங்கிப்போய் இருந்தது. கண் மட்டும் விழித்து நீர் வடிந்தது. என் மாமனார் ஞாபகம் வரும் என்று பயந்தாரே, வரவில்லை. தாடி வைத்திருக்கிறார், நரை கூடியிருக்கிறது, இதை ஏன் என்னிடம் கேட்காமல் வைத்தார் என்றுதான் தோன்றியது. அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார்.

நிறைமதி போனுக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரும்தான்.

"அப்பா, அந்தப் பக்கம் சிரிக்கலயே?"

"அது லீவுல போயிருக்கு பாப்பா."

அவள் யோசித்தாள். "எனக்கு மூணு வாரம். உனக்கு எத்தன வாரம்?"

"இன்னும் கொஞ்ச வாரம்."

"வெளையாட்டுக்கு யாரு சொன்னா?"

"நானே வச்சுக்கிட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, இடது கை ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, அவர் உதட்டின் இறங்கிய ஓரத்தை மேலே தூக்கிவிட்டாள். திரையில் சாம்பார்க் கறை ஆகிவிட்டது. நான் துடைக்கவில்லை.

பிறகு சாப்பிட்டோம். அவருக்கு வாய் ஓரம் சோறு நிற்பதில்லை, அடிக்கடி துண்டால் ஒற்றிக்கொண்டார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒற்றினார். பாதிச் சாப்பாட்டுக்கு மேல் திருப்பவில்லை.

வைக்கும்போது சொன்னார்: "அவன் சொன்னத ப்ராஜெக்டுல போட்டுக்க. பேரு மட்டும் வேணாம்."

பிப்ரவரி 3, திங்கள்

தலைப்பு கொடுத்துவிட்டேன். 'காட்டுவதும் மறைப்பதும்: வெளிநாட்டில் பணிபுரிவோர் குடும்பங்களில் காணொளி அழைப்பு.' மேடம் ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை.

பேட்டித் தாள்களை எண்ணினார். "பத்துதான கேட்டேன், பதிமூணு இருக்கு?" என்று கடைசித் தாளை எடுத்தார். "எண் பதிமூணு. பெண், வயது முப்பத்து மூணு, எம்.ஏ. மாணவி. குழந்தையின் கைமுறிவை ஏழு மாதம் மறைத்தவர். இது யாரு?"

"சொல்லக் கூடாது மேடம்."

மேடம் டிராயரைத் திறந்தார். கடலைமிட்டாய் தீர்ந்துபோயிருந்தது. வெறும் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "போ, போய் எழுது" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நெட்வொர்க் உண்மையாகவே மோசம். அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. "கேமராவ அணைச்சா கொரலாச்சும் நல்லா கேக்கும்" என்றார். வேண்டாம் என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக. நிறைமதி இரண்டு கையையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.